வயாக்ஸ்: முழங்காலுக்குச் சாப்பிட்ட மாத்திரை நெஞ்சைப் பிடித்த கதை

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் மாத்திரை டப்பாவில் புதிதாக ஒரு அட்டை கிடந்தது. எட்டோரிகாக்சிப் 90. பக்கத்து வீட்டு அக்கா முழங்கால் வலிக்கு இதைத்தான் சாப்பிடுகிறாராம், நன்றாகக் கேட்கிறதாம், தெருமுனை மெடிக்கலில் பெயரைச் சொன்னதும் கொடுத்துவிட்டார்களாம். சீட்டு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு 67 வயது, பிரஷர் மாத்திரை பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. அந்தப் பெயரின் வாலில் இருக்கிற "காக்சிப்" என்ற நாலு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ரோஃபெகாக்சிப் ஞாபகம்தான் வந்தது. கடையில் அதற்குப் பெயர் வயாக்ஸ். 1999 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்று, எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்று, 2004 செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட மாத்திரை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வழக்கைப் பல வருடமாகத் துரத்திப் படித்திருக்கிறேன், அதனால் அம்மாவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் முழங்கால்

மூட்டுத் தேய்மானம் என்ற சொல்லே நம்மைப் பாதி ஏமாற்றிவிடுகிறது. செருப்பு தேய்கிற மாதிரி, டயர் தேய்கிற மாதிரி ஏதோ நடக்கிறது, தேய்ந்தது தேய்ந்ததுதான் என்று மனதில் பதிந்துவிடும். எலும்பு முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது என்பது உண்மைதான். ஆனால் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை, அது தேய்வது அதற்கே தெரியாது. வலி வருவது அடியில் இருக்கிற எலும்பிலிருந்து, மூட்டைச் சுற்றியிருக்கிற உறையும் அதன் உள்சவ்வும் வீங்குவதிலிருந்து, பலம் குறைந்த தொடைத்தசை தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்காமல் விடுவதிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயில் படுமோசமாகத் தெரிகிற முழங்காலை வைத்துக்கொண்டு ஒருவர் பழனி படியேறிவிட்டு வருவார், எக்ஸ்ரே சுமாராக இருக்கிற இன்னொருவரால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது.

காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்து, அரை மணி நேரத்துக்குள் நடக்க நடக்க விட்டுவிட்டால் அது பெரும்பாலும் தேய்மானம். மணிக்கணக்கில் விடாமல், இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம், அது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குகிற வேறு நோய். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வயாக்ஸ் கதையில் இரண்டு இடத்தில் திரும்ப வரும்.

தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கிற மாத்திரை இன்றைக்கு வரை கிடையாது. இருப்பதெல்லாம் வலியைக் குறைப்பவைதான். இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. புற்றுநோய்க்கு ஒரு மருந்து கொடுக்கும்போது பெரிய ஆபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் நிற்பது சாவு. முழங்கால் வலிக்கு அப்படி இல்லை. நோயை மாற்றாத, வலியை மட்டும் மழுக்குகிற மாத்திரையை, ஏற்கெனவே பிரஷரும் சுகரும் இருக்கிற அறுபது எழுபது வயதுக்காரர்கள் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அதன் ஆபத்தைத் தங்கம் நிறுக்கிற தராசில் நிறுக்க வேண்டும். வயாக்ஸை எடைபோட்டது காய்கறித் தராசில்.

வயிற்றைக் காப்பாற்ற வந்த மருந்து

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாமே உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. இதை 1971இல் கண்டு சொன்னவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வேன். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கிற நொதிக்குச் சுருக்கமாகக் காக்ஸ் என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 இரைப்பையின் உள்சுவரைப் பாதுகாக்கிற வேலையை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. காக்ஸ்-2 அடிபட்ட இடத்தில், வீங்கிய இடத்தில் தலைகாட்டுகிறது. பழைய மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து அடித்ததால்தான் வலி போன கையோடு வயிற்றில் புண்ணும் வந்தது. சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் ரத்தக்கசிவு. நம் ஊரில் வலி மாத்திரை எழுதும்போது கூடவே ஒரு கேஸ் மாத்திரை எழுதுகிற வழக்கம் இதனால் வந்ததுதான்.

சரி, காக்ஸ்-2ஐ மட்டும் அடிக்கிற மாத்திரை செய்தால்? யோசனை அழகானது, இன்றைக்கும் அதில் தப்புச் சொல்ல முடியாது. 1998 டிசம்பர் கடைசியில் செலிகாக்சிப் அனுமதி வாங்கியது, ஐந்து மாதத்தில் மெர்க் நிறுவனத்தின் வயாக்ஸ். மூட்டுத் தேய்மானத்துக்கு 12.5 அல்லது 25 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை.

ஆனால் ரத்தக்குழாய்க்குள் வேறு ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் திராம்பாக்சேன், ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து உறையச் செய்வது. இது காக்ஸ்-1 வழியாக வருகிறது. இன்னொரு தட்டில் புரோஸ்டாசைக்ளின், குழாயை விரித்துத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்வது. இதில் பெரும்பங்கு காக்ஸ்-2 வழியாக வருகிறது. காக்ஸ்-2ஐ மட்டும் அடித்தால் ஒரு தட்டிலிருந்து மட்டும் எடையை எடுத்த மாதிரி, தராசு உறையும் பக்கம் சாய்ந்துவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு, இந்த வகை மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புரோஸ்டாசைக்ளினின் எச்சம் குறைந்திருப்பதை 1999இலேயே காட்டிவிட்டது. மாத்திரை கடைக்கு வந்த அதே வருடம்.

0.4, 0.1

வயிற்றுக்கு நல்லது என்று நிரூபிக்க மெர்க் நடத்திய பெரிய ஆய்வின் பெயர் விகர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், எல்லோரும் முடக்குவாதக்காரர்கள். பாதிப் பேருக்குத் தினம் 50 மில்லிகிராம் வயாக்ஸ், பாதிப் பேருக்கு நாப்ராக்சன். ஒன்பது மாத அளவில் பார்த்தபோது வயாக்ஸ் தரப்பில் இரைப்பைப் புண், துளை, ரத்தக்கசிவு எல்லாம் பாதிக்கும் கீழே. நினைத்தது நடந்துவிட்டது. கூடவே ஒரு வரி: மாரடைப்பு வந்தவர்கள் வயாக்ஸ் தரப்பில் 0.4 சதவீதம், நாப்ராக்சன் தரப்பில் 0.1 சதவீதம்.

வழக்கு முழுவதும் இந்த இரண்டு எண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. நாலு மடங்கு வித்தியாசம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, வயாக்ஸ் மாரடைப்பைக் கூட்டுகிறது. இன்னொன்று, வயாக்ஸ் ஒன்றும் செய்யவில்லை, நாப்ராக்சன்தான் ஆஸ்பிரின் மாதிரி இதயத்தைக் காப்பாற்றிவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் தோற்றவனின் அப்பா "என் பையன் ஒழுங்காகத்தான் ஓடினான், அந்தப் பையன் பறந்துவிட்டான்" என்று சொல்வதைப் போல. மெர்க் இரண்டாவது விதமாகப் படித்தது, 2000 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் அப்படித்தான் படித்தது.

முற்றிலும் அபத்தம் என்று சொல்லிவிட முடியாது, நாப்ராக்சனும் தட்டணுக்களைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.4 என்பது 0.1 ஆக வேண்டுமானால் நாப்ராக்சன் நாலில் மூன்று மாரடைப்பைத் தடுத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே கொடுக்கப்படுகிற ஆஸ்பிரினே ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத்தான் தடுக்கிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த ஒரு தரப்பு இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது, ஆனால் முடக்குவாதக்காரர்களை மாதக்கணக்கில் வெற்று மாத்திரையில் வலியோடு விட்டுவைக்கவும் முடியாது. அந்த இடைவெளியில்தான் இரண்டாவது விளக்கம் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

கட்டுரையில் எண்ணப்பட்ட வயாக்ஸ் தரப்பு மாரடைப்புகள் 17. உண்மையில் 20. விடுபட்ட மூன்றும் முன்கூட்டியே குறித்துவைத்த கடைசித் தேதிக்குப் பிறகு வந்தவை, அதனால் சேர்க்கவில்லை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். கட்டுரை அச்சாவதற்கு முன்பே அந்த மூன்றைப் பற்றி ஆசிரியர்களில் சிலருக்குத் தெரியும் என்று 2005 டிசம்பரில் அந்த இதழே தன் கவலையை வெளிப்படையாக அச்சிட்டது. இதில் என்னைக் கடுப்பேற்றுவது வேறு ஒன்று: இதயக் கோளாறுகளை எண்ணுவதை நிறுத்திய தேதி, வயிற்றுக் கோளாறுகளை எண்ணுவதை நிறுத்திய தேதிக்கு ஒரு மாதம் முந்தியது. நல்ல செய்தியைக் கூடுதலாக ஒரு மாதம் எண்ணியிருக்கிறார்கள்.

2001 ஆகஸ்டில் கிளீவ்லாண்ட் கிளினிக்கைச் சேர்ந்த முகர்ஜி, நிசென், டோபோல் மூவரும் இந்த எண்களை எடுத்து வைத்து இன்னொரு மருத்துவ இதழில் வெளிப்படையாக எச்சரித்தார்கள். அடுத்த மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இதய ஆபத்தை மட்டுப்படுத்தி விளம்பரம் செய்வதாகச் சொல்லி மெர்க்குக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மருந்தோடு வருகிற குறிப்பில் அந்தத் தகவல் ஏறியதோ 2002 ஏப்ரலில். குறிப்பை மாற்று என்று உத்தரவு போடுகிற அதிகாரம் அன்றைக்கு எஃப்டிஏவிடம் இல்லை, நிறுவனத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேரம் பேச வேண்டும். அந்த அதிகாரம் 2007 சட்டத்தில்தான் வந்தது.

இதற்கு நடுவில் தொலைக்காட்சியில் 1976 ஒலிம்பிக் பனிச்சறுக்குத் தங்க மங்கை டோரதி ஹாமில் வயாக்ஸ் புண்ணியத்தில் பனியில் சுழன்றுகொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டு மட்டும் பொதுமக்களுக்கான விளம்பரத்துக்கு 16 கோடி டாலர். சீட்டில் எழுதித் தர வேண்டிய மருந்தை நேரடியாக மக்களிடம் விளம்பரம் செய்ய அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான் விடுகின்றன. வயிற்றுப் புண் வந்து ரத்தக்கசிவு பட்டவர்களுக்கு, இதயம் நன்றாக இருந்தால், இது உண்மையிலேயே நல்ல மாத்திரை. அந்தச் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால் 2003இல் 250 கோடி டாலர் விற்பனை ஆகியிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் உடைத்தது குடல் ஆய்வு

வேடிக்கை என்னவென்றால், மாத்திரையைக் கவிழ்த்தது மூட்டு ஆய்வே இல்லை. பெருங்குடலில் கட்டி வந்து எடுத்தவர்களுக்கு அது திரும்ப வராமல் வயாக்ஸ் தடுக்குமா என்று மெர்க்கே ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. 2,586 பேர், தினம் 25 மில்லிகிராம், எதிர்த் தரப்பில் வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தம் உறையும் கோளாறுகள் வயாக்ஸ் தரப்பில் 46 பேருக்கு, வெற்று மாத்திரைத் தரப்பில் 26 பேருக்கு. வெற்று மாத்திரை இதயத்தைக் காப்பாற்றிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாதே. மெர்க் தானாகவே மருந்தைத் திரும்பப் பெற்றது, அன்றைக்கு அதன் பங்கு விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

ஒரு நிதானமும் வேண்டும். அந்த ஆய்வின் கணக்குப்படி நூறு பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் ஒன்றரைப் பேருக்குக் கோளாறு, சாப்பிடாவிட்டால் முக்கால் பேருக்கு. தனி ஒருவருக்கு இது சின்ன எண், அதனால்தான் எந்த டாக்டரும் தன் நோயாளிகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அறுபது வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்தால் வலி மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் சாப்பிட்டவர்கள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடிப் பேர். எஃப்டிஏவுக்குள்ளேயே வேலை பார்த்த டேவிட் கிரகாம் 2004 நவம்பரில் செனட் குழு முன்னால் தன் அமைப்பையே குற்றம் சாட்டிச் சாட்சி சொன்னார். அடுத்த வருடம் அவர் குழு லான்செட் இதழில் வெளியிட்ட மதிப்பீடு, அமெரிக்காவில் கூடுதலாக வந்த கடுமையான இதயநோய் 88,000 முதல் 1,40,000 பேருக்கு.

நீதிமன்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் டெக்சாஸ் ஜூரி ஒரு குடும்பத்துக்கு 25.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2007இல் ஆயிரக்கணக்கான வழக்குகளை மொத்தமாக 485 கோடி டாலரில் மெர்க் முடித்துக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளாமல். 2011இல் அமெரிக்க அரசோடு 95 கோடி டாலருக்குச் சமரசம். அதில் ஒப்புக்கொண்ட குற்றம் மாரடைப்பைப் பற்றியது இல்லை. 2002 ஏப்ரலில் அனுமதி கிடைப்பதற்கு முன்பே முடக்குவாதத்துக்கு என்று சொல்லி விற்றது!

இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் ரோஃபெகாக்சிப்பைப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் போட்டு விற்றன. 2004 டிசம்பர் 13 அன்று மத்திய அரசு தடை செய்தது. இன்னொரு காக்சிப்பான வால்டிகாக்சிப்பும் 2005 ஜூலையில் போனது.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது?

அம்மா கேட்ட கேள்வியும் இதுதான். வயாக்ஸ் போனதால் ஆபத்து போய்விடவில்லை. 2013இல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு, காக்சிப்களும் அதிக அளவு டைக்ளோஃபெனாக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மூன்றில் ஒரு பங்கு கூட்டுகின்றன என்றது. ஆமாம், காய்ச்சலுக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் நாம் வேர்க்கடலை மாதிரி வாயில் போடுகிற அதே டைக்ளோஃபெனாக். நாப்ராக்சன் இதயத்துக்கு அவ்வளவு கெடுதல் செய்யவில்லை, ஆனால் வயிற்றைக் கெடுக்கும். செலிகாக்சிப்பை 24,081 பேரிடம் வைத்துப் பார்த்த 2016 ஆய்வில், மிதமான அளவில் அது இபுபுரூஃபனையும் நாப்ராக்சனையும் விட மோசமில்லை என்று தெரிந்தது. ஆக எல்லாக் காக்சிப்பும் ஒன்றில்லை, எந்த மாத்திரை என்பதோடு எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

சிறுநீரகம் தனி விஷயம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளையே ஏறக்குறைய ஒழித்தது. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது, மிச்சமிருப்பவற்றில் சில முதுமலைப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மனிதர்கள் கழுகு இல்லைதான். ஆனால் டெல்மிசார்டன் வகைப் பிரஷர் மாத்திரையும், நீர் பிரிக்கிற மாத்திரையும், வலி மாத்திரையும் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும் என்பது டாக்டர்கள் நன்றாக அறிந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரை அந்த முதல் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. மூன்றாவதை மெடிக்கலில் வாங்கியாகிவிட்டது.

முழங்காலுக்கு முதலில் பார்க்க வேண்டியது டைக்ளோஃபெனாக் ஜெல். மேலே தடவுவதால் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சிறு பங்குதான். பாராசிட்டமால் பெரிதாகக் கேட்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனாலும் சிலருக்குப் போதும். குளுக்கோசமைன் மாதம் முழுக்கக் காசு பிடுங்கும், 1,583 பேரை வைத்து 2006இல் வந்த அமெரிக்க ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. மூட்டுக்குள் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில் உப்புத்தண்ணீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. தொடைத்தசைப் பயிற்சிக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் அந்த எட்டோரிகாக்சிப். அதுவும் மெர்க்கின் கண்டுபிடிப்புதான், வயாக்ஸுக்குத் தம்பி. 2007இல் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் எதிர்த்து வாக்களித்தது, அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் விற்கிறது, ஆனால் பிரஷர் 140/90க்கு மேல் கட்டுக்குள் இல்லாமல் இருப்பவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூட்டுத் தேய்மானத்துக்கு அளவு 30, அதிகபட்சம் 60. அம்மாவிடம் இருந்த 90 முடக்குவாதத்துக்கான அதிகபட்ச அளவு.

மறுநாள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் 162/96. அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் திட்டவில்லை. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஜெல் எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுகிற பயிற்சியை அவரே செய்து காட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, கோபமோ என்று நினைத்தேன்.

"இன்னும் ஆறு மாத்திரை மிச்சம் இருக்கே," என்றாள் கடைசியில். "அந்த அக்காவுக்கே குடுத்துடட்டுமா?"